காரணம் சொல்லத் தெரியாத சந்தேகம்

ஜூரி முறை நாட்டுக்குத் திரும்பி வந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தபோது, மணற்கரை செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஐஸ் ஆலை வழக்கு விசாரணைக்கு வந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஆலை அது. பக்கத்துக் கொட்டகையில் இறால் உரிக்கும் பெண்கள், கையுறை தராவிட்டால் இனிமேல் இறாலைத் தொடமாட்டோம் என்று ஒருநாள் வேலையை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்று பகலில் ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கொட்டகைக்குள் பாய்ந்தது. மூன்று பெண்கள் வாசலை எட்டுவதற்குள் விழுந்து இறந்துபோனார்கள். குழாய் வெடிக்கவில்லை. யாரோ கையால் வால்வைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

கிளாட்வின்தான் திறந்தான் என்றது போலீஸ். ஆலையில் இயந்திரம் ஓட்டுகிற பையன். இறந்தவர்களில் ஒருத்தியை அவன் பெண் கேட்டுப் போயிருந்தான், வீட்டில் மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் என்றார்கள். அவன் வால்வுப் பக்கம் நின்றதைக் கண்ணால் பார்த்ததாக ஆலையின் சூப்பர்வைசர் சுடலைமணி சாட்சி சொன்னார். வேறு நேரடிச் சாட்சி இல்லை.

நீதிபதி வேதநாயகி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை. கும்பகோணத்துக்காரர், கணவரை இழந்தவர், கண்டிப்பானவர் என்று பெயர். ஜூரிகளுக்கு அவர் சட்டத்தை விளக்கும் விதத்தைப் பற்றி வக்கீல்கள் மதிப்போடு பேசுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவருக்கும் புரிகிற மாதிரி சொல்வார். சொன்னதில் ஒரு வார்த்தை சட்டத்தைத் தாண்டாது.

முதல் நாள் ஒன்பது ஜூரர்களையும் உட்காரவைத்து, நாற்காலியின் முதுகில் தொங்கிய கழுத்துப்பட்டையை எப்படி மாட்டுவது என்று அவரே காட்டினார். கூடத்தில் எல்லோருக்கும் அது உண்டு. வக்கீல்கள், போலீஸ்காரர்கள், சாட்சிகள், கூண்டில் நிற்கும் கிளாட்வின், யாராக இருந்தாலும் கழுத்தில் பட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது. சட்டப் புத்தகத்தில் அதற்கு நினைவுநீக்கி என்று பெயர். ஊர் முழுக்க அதை ரப்பர் என்றுதான் சொன்னது.

ஜூரர்களில் ஒருவர் பால்வண்ணன். ரதவீதியில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சந்தேகம் வந்தால் கேட்டுவிடுகிற மனிதர். பட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

“அம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. இதப் போட்டா எம்புள்ளைக பேரு மறந்துராதுல்லா?”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வேதநாயகியும் சிரித்தார்.

“மறக்காது. ஒரு விஷயம் மனசுல இறுகிப் பதியக் கொஞ்ச நேரம் ஆகும், அண்ணாச்சி. ஈரச் சுண்ணாம்பு மாதிரி. காயறதுக்குள்ள துடைச்சா வந்துடும். காஞ்சதை எதுவும் பண்ண முடியாது. இங்க யாராவது சட்டம் ஒப்புக்காத பேச்சைப் பேசிட்டா, உடனே நான் இந்தப் பொத்தானை அழுத்துவேன். கடைசியாக் கேட்ட கொஞ்சத்தை மட்டும் அது எடுத்துடும்.”

“ஒங்களுக்கும் போயிருமா?”

“எனக்குப் பட்டை கிடையாது. எதை நீக்கினோம்னு ஒருத்தருக்காவது தெரியணும். இல்லேன்னா அதே பேச்சு மறுபடி வந்தா யார் தடுக்கறது?”

அவர் அந்தச் சட்டத்தை நம்பினார். முன்காலத்து நீதிபதிகள், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட ஜூரிகளிடம் அதை மறந்துவிடுங்கள் என்று வாயால் சொன்னார்கள். ஜூரிகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர்கூட மறந்ததில்லை. வதந்தியாலும் மிரட்டி வாங்கிய வாக்குமூலத்தாலும் எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த அநியாயம் இனி நடக்காது என்று வேதநாயகி கருத்தரங்குகளில் பேசியிருக்கிறார்.

விசாரணையின் கடைசி வாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு சாட்சியை அழைத்தார். சுடலைமணியின் மனைவி பேச்சிக்கனி. என்ன சொல்லப்போகிறாள் என்று வக்கீலுக்கே தெரியாது. கோர்ட்டில்தான் சொல்லுவேன், வேறு எங்கேயும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாளாம். மெலிந்த பெண். கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்கும் முன்பே பேசத் தொடங்கினாள்.

“அந்தப் பையன் தெறக்கல. எங்க வீட்ல அவியதான் தெறந்தாவ. பொம்பளையள பயங்காட்டி வெளிய வெரட்டத்தான் தெறந்தேன், இப்பிடிப் போவும்னு நெனைக்கலன்னு அன்னைக்கு எங்கிட்ட அழுதாவ. எம்புள்ளைக மேல சத்தியமாச் சொல்லுதேன்.”

கிளாட்வின் தலையை நிமிர்த்தினான். அதுவரை விசாரணை முழுவதும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் முகத்தில், யாரோ இருட்டறைக் கதவைத் திறந்த மாதிரி ஒன்று வந்தது. ஜூரர் வரிசையில் பால்வண்ணன் முன்பக்கம் சாய்ந்து, இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். தாம்பத்தியத்தில் கணவன் மனைவியிடம் சொன்ன பேச்சு, அவன் சம்மதமில்லாமல் சாட்சியமாகாது. பழைய சட்டம்தான், யாரும் மாற்றவில்லை. வேதநாயகிக்கும் அது தெரியும். ஒரு வழி மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார். பேச்சிக்கனியிடம் அவரே கேட்டார்.

“உன் வீட்டுக்காரர் திறந்ததை நீ கண்ணால பார்த்தியாம்மா? அவர் சட்டையில வாடை, கையில காயம், அப்படி ஏதாவது?”

“பாக்கலம்மா. அவிய சொன்னதுதான்.”

வேதநாயகி கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

கூடம் ஒரு கணம் கண்மூடித் திறந்தது. சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. ஏதோ நீக்கப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒலிப்பதிவிலிருந்தும் அது போய்விட்டிருக்கும். கிளாட்வின் மறுபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அரசு வக்கீல் தான் எதற்காக எழுந்து நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். பால்வண்ணன் வாயைப் பொத்தியிருந்த தன் கைகளை இறக்கி, அவற்றை விநோதமாகப் பார்த்தார்.

பேச்சிக்கனி பச்சை விளக்கைப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியே சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் படியேறியது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“அம்மா,” என்றாள் மெல்ல. “நான் சொல்லிட்டனா? இல்ல, இன்னும் சொல்லலியா?”

அவள் மாதக்கணக்கில் மனத்துக்குள் சேர்த்துவைத்த தைரியம் அது என்று வேதநாயகிக்குத் தெரிந்தது. பதில் சொல்லச் சட்டத்தில் இடமில்லை. மறுபடி பேசவிட்டால் மறுபடி அழிக்க வேண்டும்.

“உன் சாட்சி முடிஞ்சதும்மா. இறங்கிக்கோ,” என்றார்.

அவள் இறங்கிப் போனாள். வெளியே சுடலைமணியின் தம்பி ஆட்டோவோடு நின்றிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவுக்கு ஓடி வருவதற்குள் ஆட்டோ தெருமுனையைத் தாண்டிவிட்டது. பிறகு அவளைப் பம்பாயில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பேச்சு. ஊரில் யாரும் அவளைத் திரும்பப் பார்க்கவில்லை.

வேதநாயகி வழக்கிலிருந்து விலகிக்கொள்வதைப் பற்றி யோசித்தார். விலகினால் வேறொரு நீதிபதி வருவார். அதே பேச்சு அதே விதியில் அழியும். போலீசுக்குச் சொல்லலாமா என்றால், நீக்கப்பட்டதை வெளியே சொல்லும் நீதிபதிக்குச் சிறை. சிறைக்குப் போகவும் துணியலாம், ஆனால் சொல்லி ஆகப்போவது என்ன? எந்தக் கூடத்தில் சொன்னாலும் அது சாட்சியம் இல்லை. இப்படி ஒவ்வொரு கதவாகப் போய் முட்டித் திரும்பிவிட்டு, கடைசியில் தனக்கு விதிக்கப்பட்ட வேலையை ஒழுங்காகச் செய்வது ஒன்றுதான் மிச்சம் என்ற முடிவுக்கு வந்தார்.

வாதங்கள் முடிந்த அன்று ஜூரிகளுக்கு அறிவுரை சொன்னார். கூடம் நிறைந்திருந்தது.

“குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் குற்றவாளி என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே சேர வேண்டும். நியாயமான சந்தேகம் என்றால் காரணம் சொல்லக்கூடிய சந்தேகம். இப்போது உங்கள் நினைவில் இருக்கும் சாட்சியத்திலிருந்து அந்தக் காரணம் வர வேண்டும். நீக்கப்பட்டது என்னவாக இருக்கும் என்று ஊகிக்கக் கூடாது. நினைவு போன பிறகும் சில சமயம் உணர்ச்சி தங்கிவிடுவதுண்டு. யார் மேலாவது இன்னதென்று தெரியாத பரிவோ வெறுப்போ உங்களுக்குள் இருந்தால், அது சாட்சியம் அல்ல. அதை ஒதுக்கிவிட வேண்டும்.”

ஜூரிகள் தனியறைக்குப் போனார்கள். ஒன்பது பேரும் ஒருமனதாக முடிவு சொன்னால்தான் செல்லும். மறுநாளும் முடிவு வரவில்லை. அதற்கடுத்த நாள் பிற்பகல், ஒருவருக்கு நீதிபதியிடம் விளக்கம் கேட்க வேண்டுமாம் என்று தகவல் வந்தது. எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். எழுந்து நின்றவர் பால்வண்ணன். கண்கள் சிவந்திருந்தன.

“அம்மா, மத்த எட்டுப் பேருக்கும் ஒரே முடிவு. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் நெஞ்சுல நிக்கி. அந்தப் பையன் செய்யலன்னு அடிச்சுச் சொல்லுது. ஏம்யான்னு அவிய கேக்காவ. எனக்குச் சொல்லத் தெரியல. சூப்பர்வைசர் பேச்சுல ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியல. ஆனா அந்தப் பச்ச லைட்டு எரிஞ்ச பொறவுதான் இந்தச் சந்தேகம் வந்துச்சு. காரணம் எங்கிட்ட இருந்துருக்கு, இப்ப இல்ல. நான் கேக்கது இதுதான். அந்தச் சந்தேகத்த நான் வச்சுக்கிடலாமா, கூடாதா?”

வேதநாயகி கிளாட்வினைப் பார்க்கவில்லை. எதிரே நிற்கும் மனிதரை மட்டும் பார்த்தார். அந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது என்று தெரிந்த ஒரே ஆள் வேதநாயகிதான். வச்சுக்கலாம் என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால், நீக்கப்பட்டதை ஜூரியின் மனத்தில் மறுபடி ஏற்றியதாகும். தீர்ப்பே செல்லாது போகும். புதிய ஜூரி வரும். புதிய ஜூரியில் பால்வண்ணன் இருக்கமாட்டார். இதெல்லாம் உண்மை. ஆனாலும் சட்டத்தை மீறப் பயமாக இருந்தது என்பதும் உண்மை, அதைப் பிற்பாடு அவர் தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

“காரணம் சொல்லத் தெரியாத சந்தேகத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. அதை ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.”

“ஒதுக்கணும்.”

“ஆமா. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா,” என்றார் பால்வண்ணன்.

பொழுது சாய்வதற்குள் முடிவு வந்துவிட்டது. குற்றவாளி. வேதநாயகி ஆயுள் தண்டனை விதித்தார். கிளாட்வின் கை கூப்பிவிட்டுப் போலீஸ்காரரோடு போனான். அவனுக்கு அம்மா அப்பா இல்லை. ஒரே அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

மேல்முறையீட்டில் ஒரே ஒரு கேள்விதான் ஆராயப்பட்டது. ஜூரிக்கு நீதிபதி தந்த அறிவுரை சரியா? சரி என்று தீர்ப்பாயிற்று. சரி என்பதோடு நிற்கவில்லை. பால்வண்ணனுக்கு வேதநாயகி சொன்ன பதில் தெளிவுக்கு உதாரணம் என்று பாராட்டி, அதை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். புதிதாகச் சேரும் நீதிபதிகளுக்கு அந்த வாக்கியத்தைப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வேதநாயகி மணற்கரையிலேயே இருந்தார். ஊருக்குத் திரும்பாமல் ஏன் இங்கேயே கிடக்கிறீர்கள் என்று மகன் போனில் கேட்பான். கடல்காற்று ஒத்துக்கொண்டது என்று சொல்லிவைத்தார்.

ஒரு நாள் காலையில் பால்வண்ணன் வந்தார். வேதநாயகிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் கையிலேயே வைத்திருந்தார். கடையை மச்சினனிடம் விட்டுவிட்டதாகச் சொன்னார். தூக்கம் இல்லையாம். மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தும் கேட்கவில்லை. வீட்டில் அவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அழுகிறார்களாம்.

“என்ன அழிச்சியன்னு நான் கேக்கலம்மா. நீங்க சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு. அங்க நெசமாவே என்னமும் இருந்துச்சா, இல்ல எம்மனசு கெடந்து பொலம்புதா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

உண்மையைச் சொன்னால், ஒரு நிரபராதியை உள்ளே தள்ளியதில் தன் கையும் இருந்தது என்று இந்த மனிதர் சாகும்வரை சுமப்பார். அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு கோர்ட்டும் கிடையாது. பாரம் என்னோடு நிற்கட்டும், இவராவது தூங்கட்டும் என்று வேதநாயகி நினைத்தார்.

“அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல, அண்ணாச்சி. அந்தப் பொண்ணு சம்பந்தமில்லாம ஏதோ பேசிச்சு. அவ்வளவுதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பால்வண்ணன் நீளமாக மூச்சு விட்டார். காபியை ஒரே மடக்கில் குடித்தார். முகம் மெல்லத் தெளிந்தது. எழுந்து வாசல்வரை வந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“நல்ல வார்த்த சொன்னியம்மா. இம்புட்டு நாளும் மாசாமாசம் ஜெயிலுக்குப் போயி அந்தப் பயலப் பாத்துக்கிட்டு வருவேன். நீ செய்யலலே, எனக்குத் தெரியும்னு சொல்லிட்டு வருவேன். அவனப் பாக்க வேற நாதி கெடையாது. வீட்ல தெனம் சண்ட. இனிமே போவ வேண்டாம்லா.”

வேதநாயகி வாசலிலேயே நின்றார். கூப்பிட்டிருக்கலாம். தெருவில் பால்வண்ணன் நடந்த நடையில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு லேசு இருந்தது. அதைப் பார்த்தபோது கூப்பிட வாய் வரவில்லை.

அதன்பின் சில வாரங்கள் வேதநாயகி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒரு பார்வையாளர் நாளில் கொஞ்சம் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மத்தியச் சிறைக்குப் போனார். சொல்லிவிடுவது என்று தீர்மானித்தே போனார். பார்வையாளர் கூடத்தில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று பலகை தொங்கியது. பதிவாகட்டும் என்று நினைத்தார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கிளாட்வின் வேகமாக வந்தான். வந்தவர் யாரென்று பார்த்ததும் நடை தளர்ந்தது. ஆனாலும் கோர்ட்டில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தலைமுடி அதற்குள் நரைக்கத் தொடங்கியிருந்தது.

“அண்ணாச்சி வரலியாம்மா? மேலுக்கு என்னமும் சொகமில்லையா?”

“நல்லா இருக்கார். இனிமே வரமாட்டார்.”

அவன் தலையை ஆட்டினான். ஏன் என்று கேட்கவில்லை. அவனாகவே பேசினான்.

“அவியதான் நான் செய்யலன்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. ஒம்பது பேரு கூடிச் சொன்னது பொய்யாப் போவுமாம்மா? சில நாளு எனக்கே தோணுது. காலைல அந்த வால்வ நாந்தான் தொட்டிருப்பேனோ, சரியா மூடலியோன்னு. யோசிக்க யோசிக்க எங்கை அதத் திருவுத மாரியே தெரியுது.”

வேதநாயகி வலையருகே நெருங்கினார். ஒரு வார்த்தையும் விழுங்காமல் சொன்னார். பேச்சிக்கனி கூண்டில் நின்றது, சுடலைமணி அவளிடம் அழுதது, பெண்களைப் பயமுறுத்த வால்வைத் திறந்தது, தான் பொத்தானை அழுத்தியது. சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற காவலர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

“நீ செய்யலப்பா. எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்.”

கிளாட்வின் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டான். கோபமோ அழுகையோ வரும் என்று அவர் காத்திருந்தார். அவன் முகம் இளகியது. வயதானவர்களிடம் பேசும் பொறுமையோடு பேசினான்.

“அண்ணாச்சியும் இப்பிடித்தாம்மா, நான் மனசு விட்டுறக் கூடாதுன்னு என்னமாச்சும் சொல்லுவாவ. ஆறுதலுக்குச் சொல்லுதிய, தெரியுது. அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, எனக்கு எப்பிடிம்மா தண்டன குடுத்திருப்பிய?”

நேரம் முடிந்ததென்று காவலர் சொன்னார். கிளாட்வின் ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வெயிலில் பார்த்துப் போங்கம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.